ஓரங்குலமும் ஒரு கட்டையும்

புவியியற் பாடத்தின் செய்முறை வினாக்களில் ஆண்டுதோறும் தவறாது தலைகாட்டும் வினா ஒன்றுண்டு. தேசப்படத் துண்டொன்றைத் தந்து, அதிற் குறிக்கப்பட்ட இரண்டிடங்களுக்கிடையேயுள்ள உண்மைத் தூரத்தைக் காண்க என்று கேட்பார்கள். மாணவன் அடிமட்டத்தை வைத்து அங்குலத்தை எண்ணுகிறான், அளவுத்திட்டத்தாற் பெருக்குகிறான், விடையை எழுதிப் புள்ளியும் பெறுகிறான். கணக்குச் சரியே. ஆனால் அந்த அளவுத்திட்டம் எங்கிருந்து வந்தது, யாருடைய தேவைக்காக வந்தது, அது எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாது விடுகிறது என்ற கேள்விகள் எந்த வினாத்தாளிலும் இடம்பெறுவதில்லை.

சாவகச்சேரியில் இருந்து கொண்டு இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு ஒரு நியாயமுண்டு. ஓரங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் வரையப்பட்ட பழைய தேசப்படத்தை விரித்துச் சாவகச்சேரியிற் பென்சிலின் முனையை வையுங்கள். அங்கிருந்து தெற்கே, நீரேரிக்கு அப்பால் உள்ள பூநகரிக்கு நேர்கோடு ஒன்று கீறுங்கள். கோடு பதினோரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடவிருக்கும். ஆகவே தூரம் பதினொரு மைல். மாணவனுக்கு முழுப் புள்ளி. ஆனால் அந்தக் கோட்டின் வழியே மாட்டுவண்டி போனதில்லை, பேருந்தும் போனதில்லை. நிலத்தின் வழியே பூநகரிக்குப் போக விரும்பியவன், மீசாலை, கொடிகாமம், எழுதுமட்டுவாள், பளை, இயக்கச்சி எனக் கிழக்கே சென்று, யானையிறவைக் கடந்து, பரந்தனில் மேற்கே திரும்பிச் செல்லவேண்டும். அது நாற்பது மைலைத் தாண்டும் வழி. பறவைக்குப் பதினொன்று, மனிதனுக்கு நாற்பதுக்கு மேல். இரண்டும் உண்மைத் தூரங்களே. வினாத்தாள் பறவையின் கட்சியில் நிற்கிறது.

அளவுத்திட்டம் என்பது என்ன? நிலத்தின் நீளத்துக்கும் படத்தின் நீளத்துக்கும் உள்ள மாறாத விகிதம். ஒரு மைலில் 63,360 அங்குலங்கள் உள்ளன. எனவே ஓரங்குலத் தேசப்படத்தின் வகைக்குறிப் பின்னம் 1:63,360 ஆகும். பின்னர் மெற்றிக் முறை வந்தபோது அதனிடத்தை 1:50,000 படங்கள் பிடித்தன. அவற்றில் இரண்டு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றரைக் குறிக்கும். பின்னத்தின் அழகு அதற்கு மொழியோ அலகோ இல்லை என்பதுதான். அங்குலத்தால் அளந்தாலும், விரற்கடையால் அளந்தாலும், ஈர்க்குத் துண்டால் அளந்தாலும், ஒன்றுக்கு 63,360 என்ற விகிதம் நிலத்தில் அப்படியே நிற்கும். வளைந்து செல்லும் வீதியை அளக்க நூலொன்றை அதன்மேல் வளைத்துப் படியவைத்து, பின் நூலை நீட்டி அளவுகோட்டின்மேல் வைப்பது பள்ளிக்கூட வழக்கம். காகித விளிம்பில் ஒவ்வொரு திருப்பத்தையும் அடையாளமிட்டுச் செல்வது இன்னொரு வழி. எதுவாயினும், சிறிய அளவுத்திட்டப் படங்களில் வீதியின் சிறு நெளிவுகள் எல்லாம் வரைபவனாலேயே நிமிர்த்தப்பட்டுவிடுவதால், விடை எப்போதும் சிறிது குறைவாகவே வரும்.

நம் முன்னோர் தூரத்தை அளந்தது உடலால். கூப்பிடு தூரம் என்றனர், நாழிகை வழி என்றனர், காதம் என்றனர். காதத்தின் நீளம் ஊருக்கு ஊர் வேறுபட்டது பற்றி நகைப்பதற்கு ஒன்றுமில்லை. ஐரோப்பாவிலும் அதுதான் நிலை. ஒல்லாந்தர் வரைந்த பழைய படங்களிற் பலவற்றில் அளவுகோடு ஒருமணி நேர நடையைக் காட்டியது. வெயிலிற் சுமையோடு நடக்கும் கூலியாளின் ஒருமணி நேரமும், பல்லக்கிற் போகும் அதிகாரியின் ஒருமணி நேரமும் ஒன்றல்ல என்பதை அந்த அளவுகோடு அறியவில்லை. ஆயினும் நடப்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதையாவது அது மறக்கவில்லை. பிரித்தானியர் வீதிகளில் மைற்கல் நாட்டிய பின் நமது மக்கள் மைல் என்ற சொல்லைக்கூட ஏற்கவில்லை. நாட்டப்பட்டதன் பெயரையே அளவுக்கு இட்டுக் ‘கட்டை’ என்றனர். மூன்றாங் கட்டை, ஐந்தாங் கட்டை என்ற பேச்சு, வீதியோரத்திற் கிலோமீற்றர்க் கற்கள் வந்தபின்னும் முதியோர் வாயில் இருந்து மறையவில்லை.

ஒல்லாந்தர் 1658-ல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபின், தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று; வேலணைத் தீவு லைடன் ஆயிற்று; நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. கடைசிப் பெயர் இன்றுவரை ஆங்கிலப் படங்களில் நிலைத்திருக்கிறது. ஆனால் ஒல்லாந்தருக்குப் படத்தைவிட முக்கியமானது தோம்பு. எந்தக் காணி யாருடையது, அதிற் கிடைக்கும் வரி எவ்வளவு என்பதைப் பதிந்த ஏடு அது. தூரம் வணிகனுக்கும் படைத் தளபதிக்கும் வேண்டும். பரப்பு வரிகாரனுக்கு வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் சேர்ந்த இடத்திலேதான் நவீன நில அளவை பிறந்தது.

தமிழகத்தில் இது நடந்த விதம் நன்கறியப்பட்டது. 1799-ல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டான். மூன்று ஆண்டுகளுள், 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்ப்டன் என்ற படை அதிகாரி சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமான அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அவர் கையிலிருந்தது நூறடி நீளமுள்ள உருக்குச் சங்கிலி. ஏழரை மைலில் 39,600 அடி. ஆகவே ஏறக்குறைய நானூறு தடவை அச்சங்கிலியைக் கிடத்தவேண்டும். வெயிலில் உருக்கு நீளும். காலையிலும் நண்பகலிலும் அதன் நீளம் ஒன்றல்ல. எனவே வெப்பமானியையும் பார்த்துப் பார்த்துத் திருத்தவேண்டும். இந்த ஒரு கோட்டைத் திருத்தமாக அளந்துவிட்டால் மிகுதி எல்லாம் கோணங்களே. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு மேட்டையோ கோபுரத்தையோ பார்த்துக் கோணங்களை அறிந்தால், முக்கோணத்தின் மற்றைய இரு பக்கங்களும் கணிதத்தால் வந்துவிடும். அந்தப் பக்கங்கள் புதிய முக்கோணங்களுக்கு அடிக்கோடாகும். இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணம் கோத்து இமயம் வரை சென்றனர். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அரைத் தொன் எடையுள்ள தியோடலைற்றை ஏற்றியபோது கயிறு அறுந்து கருவி நசுங்கியதும், லாம்ப்டன் மனந் தளராது அதனைத் தாமே செப்பனிட்டதும் வரலாற்று நூல்களிற் புகழோடு கூறப்படுகின்றன. அந்தக் கயிற்றை இழுத்தவர்களைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. சங்கிலியை நானூறு தடவை தூக்கிக் கிடத்திய கைகள் எவை? காட்டை வெட்டிப் பார்வைக் கோட்டைத் திறந்தவர், காய்ச்சலில் மடிந்தவர், விளக்கேற்றி மலையுச்சியில் இரவிரவாக நின்றவர் யார்? அளவுத்திட்டத்தின் அச்சாணியாகிய அந்த முதற்கோடு உழைப்பாளரின் தோளில் இழுக்கப்பட்டது என்பதைப் படத்தின் ஓரத்தில் எவரும் அச்சிடுவதில்லை.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800 ஓகத்து 2-ந் திகதி, தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் காலத்திலே தோன்றியது. கரையோர மாகாணங்கள் மட்டுமே அப்போது பிரித்தானியர் கையில் இருந்தன. கண்டி இன்னும் வீழவில்லை. நூற்றாண்டின் நடுவில் முறையான முக்கோண அளவை ஆரம்பமாயிற்று. நீர்கொழும்புக்கு அண்மையிலுள்ள கண்டவளையில் ஓர் அடிக்கோடும், மட்டக்களப்பில் இன்னோர் அடிக்கோடும் அளக்கப்பட்டன. இத்தீவின் படங்களிலுள்ள ஒவ்வொரு தூரமும் இறுதியில் அவ்விரு கோடுகளையே சென்று தொடும். ஓரங்குலத் தேசப்படத்துக்கான களவேலை 1897-ல் ஆரம்பித்து 1924-ல் முடிவுற்றது; தீவு முழுவதும் 72 தாள்களில் அடங்கியது. குடாநாட்டில் மலையில்லை, மேடில்லை. கண்ணுக்கெட்டிய வரை பனைகளே நின்று பார்வையை மறைக்கும். மலைநாட்டில் அளவையாளனுக்கு இயற்கை தந்த உயரத்தை இங்கே மரத்தாலும் மேடையாலும் அவனே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இவ்வளவு பொருளும் உழைப்பும் எதற்காக? 1840-ம் ஆண்டின் 12-ம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைப் படித்தால் விடை கிடைக்கும். காடாயும் தரிசாயும் பயிரிடப்படாதும் கிடக்கும் நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்கு உரியது என்று அது விதித்தது. நிரூபிக்கும் பொறுப்பைக் குடியானவன் தலையிலே சுமத்தியது. மலைநாட்டில் கிராமத்தவரின் சேனையும் மேய்ச்சற் காடும் ‘தரிசு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கின. கோப்பித் தோட்டக்காரனுக்கு நிலத்தை விற்கவேண்டுமானால் அளவைப் படம் வேண்டும். படம் வரைய அளவையாளர் வேண்டும். கோப்பி அழிந்து தேயிலை வந்தது, படங்கள் அழியவில்லை. அந்தத் தோட்டங்களை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்தார்கள். ஆனால் அவற்றைக் காடு வெட்டித் தோட்டமாக்கிய தமிழ்த் தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் நிலமும் அளந்து கொடுக்கப்படவில்லை. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு கழிந்தபின், குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்ற பேச்சு எழுந்தது. யாழ்ப்பாணக் கணக்கில் அது ஒரு பரப்புக்கும் குறைவு.

குடாநாட்டின் கதை வேறு. இங்கே காணிகள் பெரும்பாலும் தனியார் உடைமையாகத் தோம்பில் ஏறியிருந்தமையால் முடியின் கை அவ்வளவாக நீளவில்லை. இதைச் சொல்லி நாம் பெருமைப்படுவதுண்டு. ஆனால் தோம்பில் ஏறிய பெயர்கள் யாருடையவை? பிறர் காணியிற் குடிலமைத்து, பிறர் பனையில் ஏறி, பிறர் வயலில் உழைத்த தாழ்த்தப்பட்ட மக்களின் பெயர்கள் அதில் இல்லை. சங்கிலி உடைமையை அளந்தது, குடியிருப்பை அளக்கவில்லை. இந்த உண்மையையும் சேர்த்துச் சொல்லாத வரலாறு அரை வரலாறேயாகும்.

1902-ல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை புகையிரதம் ஓடியது. 1905-ல் கொழும்புவரை பாதை இணைந்தது. இருப்புப்பாதையும் நிலத்தை அளந்தே போடப்பட்டது. தென்மராட்சியின் மாம்பழமும் பலாவும் தேங்காயும் கொழும்புச் சந்தைக்கு ஓர் இரவுத் தூரத்தில் வந்தன. தேசப்படத்தில் எதுவும் மாறவில்லை. சாவகச்சேரியும் கொழும்பும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் தூரம் மாறிவிட்டது. 1990-ல் வடக்குக்கான சேவை நின்றபோது தூரம் மறுபடியும் நீண்டது. 2014-ல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டபோது மறுபடியும் சுருங்கியது. அளவுத்திட்டம் மாறாதது, தூரமோ அரசியலோடு சேர்ந்து நீளவும் குறுகவும் செய்வது.

யானையிறவு அடைபட்ட அந்த ஆண்டுகளில் நீரேரியே வழியாயிற்று. கிளாலிக் கரையிலிருந்து இரவில், விளக்கில்லாமல், தோணிகளில் மக்கள் அக்கரைக்குச் சென்றனர். நோயாளி சென்றான், பரீட்சை எழுதிய மாணவன் சென்றான், மணப்பெண் சென்றாள். 1993 ஜனவரியில் நீரின் நடுவிலே பலர் கொல்லப்பட்டனர். படத்தில் அந்த நீர்ப்பரப்பு நீல நிறத்தில் வெறுமையாகக் கிடக்கிறது, சில அங்குலங்கள். முன்னர் கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே ‘பாதை’ ஓடியது. பலகைத் தளத்தில் வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக் கடத்தும் மிதவைக்கு நம்மவர் இட்ட பெயர் அது. போர்க்காலத்தில் அதுவும் நின்றது. 2011 ஜனவரியில் அங்கே 288 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. ஓரங்குலப் படத்தில் அது அங்குலத்தின் ஆறிலொரு பங்குக்குச் சற்றே கூடியது. ஒரு நெற்கதிரிலுள்ள மணியைவிடச் சிறிய அந்தக் கோடு, சாவகச்சேரியிலிருந்து பூநகரிக்குச் செல்லும் வழியைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தது.

யாழ்ப்பாணத்துக்கும் சாவகச்சேரிக்கும் இடையே படத்தில் ஒன்பதரை அங்குலம். வீதிவழியே பத்து மைல். திடமானவன் மூன்றரை மணி நேரத்தில் நடந்துவிடுவான். 1995 ஒக்ரோபர் 30-ந் திகதி மாலையில் வலிகாமத்து மக்கள் அனைவரும் தென்மராட்சிக்கு வெளியேற நேர்ந்தது. சில இலட்சம் மக்கள், மழை, வழியோ செம்மணி ஊடாக நாவற்குழிப் பாலம் ஒன்று, கோப்பாயிலிருந்து கைதடிக்கு மற்றொன்று. இங்கே மாணவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்து மைலில் 52,800 அடி. வரிசைக்கு ஐவராக, வரிசைக்கு வரிசை மூன்றடி இடைவெளியில் மக்களை நிறுத்தினால், யாழ்ப்பாணம் முதற் சாவகச்சேரி வரை முழு வீதியும் நிறைந்து நிற்பவர் 88,000 பேர் மட்டுமே. சைக்கிளும் வண்டியும் மூட்டையும் கட்டிலோடு தூக்கிவரப்பட்ட முதியோரும் இதில் அடங்கவில்லை. ஆகவே அன்றிரவு வீதி என்பது நடக்கும் இடமாக இருக்கவில்லை. நிற்கும் இடமாகவே இருந்தது. மூன்றரை மணி நேர வழி இரவு முழுவதும் நீண்டு, பலருக்கு மறுநாள் நண்பகலையும் கடந்தது. ஒல்லாந்தரின் ஒருமணி நேர நடை என்ற அளவுகோட்டை அந்த வீதியின்மேல் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றுவதுண்டு. ஓர் அடியையும் அது அளந்திராது. சாவகச்சேரியின் பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் மரநிழல்களும் நிறைந்தன. ஐந்தாண்டு கழிந்து, 2000-ம் ஆண்டுப் போரில், இடங் கொடுத்த அதே ஊர் இடிபாடாயிற்று. இம்முறை அதன் மக்கள் வெளியேறினர்.

நீளத்தைப் பற்றியே இதுவரை பேசினோம். பரப்புக்கு வந்தால் மாணவர் பலர் இடறுவர். ஆசிரியரும் சிலவேளை இடறுவதுண்டு. நீளம் 63,360 மடங்கு சுருங்கினால் பரப்பு 63,360-இன் வர்க்க மடங்கு சுருங்கும். ஓரங்குலப் படத்தில் ஒரு சதுர அங்குலம் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். யாழ்ப்பாணத்தில் ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. ஒரு பரப்புக்குப் பத்துப் பேர்ச். எனவே அந்தச் சதுர அங்குலத்துள் 10,240 பரப்புகள் அடங்கும். ஒரு பரப்புக் காணியைச் சதுரமாக எடுத்தால் அதன் பக்கம் ஏறத்தாழ 52 அடி. படத்தில் அது அங்குலத்தின் நூற்றிலொரு பங்கு. நன்றாகத் தீட்டிய பென்சில் கீறும் கோட்டின் தடிப்பு. வீடு, கிணறு, பின்வளவு, மா, நான்கு பனை, மூன்று தலைமுறை—இத்தனையும் ஒரு கோட்டின் தடிப்புக்குள் மறைந்துவிடுகின்றன. மேசையில் அமர்ந்து எல்லை கீறுபவன் கை சற்று நடுங்கினால் ஒரு குடும்பம் இப்பக்கமிருந்து அப்பக்கம் போய்விடும். 1947-ல் ஐந்து வாரங்களில் பஞ்சாபையும் வங்காளத்தையும் கோடு கீறிப் பிரித்த இராட்கிளிவ் அதற்குமுன் இந்தியாவைக் கண்டதுமில்லை. அதனாற் குடிபெயர்ந்தவர் கோடிக்கு மேல்.

நாம் அவ்வளவு தொலைவுக்குப் போகவேண்டியதில்லை. 2025 மார்ச்சில், 1931-ம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வர்த்தமானி அறிவித்தலொன்று வெளிவந்தது. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் நிலத்துக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் முன்வரவேண்டும். வராவிடின் அது அரச காணியாகும். 1840-ன் குரலை அறிந்தவருக்கு இது புதிய குரலன்று. நிரூபிக்கும் சுமை அதே தோளிலேதான் ஏற்றப்பட்டது. 5,940 ஏக்கரை 640-ஆல் வகுத்துப் பாருங்கள். ஓரங்குலப் படத்தில் ஒன்பதேகால் சதுர அங்குலம். மூன்றங்குலச் சதுரத் துண்டொன்று, உள்ளங்கையால் மூடிவிடலாம். பரப்பில் எண்ணினால் 95,000-க்கு மேல். உறுதிகளை 1995-ன் வீதியிலே தொலைத்தவர், சுனாமியிற் பறிகொடுத்தவர், உடையவர் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கக் காணியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்போரெல்லாம் மூன்று மாதத்துள் எந்தக் கடதாசியைக் கொண்டு செல்வர்? எதிர்ப்பு எழுந்தது, விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது, அவ்வாண்டிலேயே அறிவித்தல் மீளப்பெறப்பட்டது.

நமது பழைய உறுதிகளில் எல்லைகள் அயலவரின் பெயராலும் ஒழுங்கையாலும் வேலியாலும் சொல்லப்படும். கிழக்கே இன்னாரின் காணி, தெற்கே கைவாய்க்கால், மேற்கே ஒழுங்கை என்றிருக்கும். பல்லாண்டு இராணுவத்தின் கையிலிருந்து விடுவிக்கப்பட்ட வலிகாமம் வடக்குக் காணிகளுக்குத் திரும்பியோர் அங்கே வேலியையும் காணவில்லை; ஒழுங்கையையும் காணவில்லை; வீடிருந்த அடையாளமும் பல இடங்களில் இல்லை. அவர்களிற் பலர் முதலில் தேடியது கிணற்றை. கிணறு அகப்பட்டால் அதிலிருந்து அடி எண்ணி மேற்கு வேலி இங்கே, மாமரம் அங்கே, அடுப்படி இது என்று காணியை மீட்டெடுத்தனர். கண்டவளையில் அளந்த அடிக்கோட்டுக்கு நிகரான ஒன்றை அந்த மக்கள் தம் கிணற்றிலே கண்டனர். கிணறும் தூர்ந்துபோன இடங்களில், முடியின் தேவைக்காக ஒரு காலத்தில் வரையப்பட்டுத் திணைக்களத்து அலுமாரியிற் கிடந்த பழைய அளவைப் படத்தைத் தேடி எடுத்து, சங்கிலிக்குப் பதில் நாடாவைப் பிடித்து, படத்தில் இருந்ததை நிலத்தில் மறுபடியும் முளை அடித்து நாட்டினார்கள்.